பெருவிரல் முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திண்டிவனத்தில் பதினெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், எனக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. நீங்கள் நம்பக்கூட வேண்டாம், கேட்டால் போதும்.

போன தை மாதம், விழுப்புரம் ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கத்துக்கு வெளிநாட்டு பாலே குழு வந்தது. விரல் நுனியில் நின்று ஆடுகிற ஆட்டம், பேச்சே இருக்காது. கதை என்னவோ நமக்குத் தெரிந்ததுதான். வீட்டார் பிரித்துவைத்த காதல், பெண் பிணமாகக் கிடப்பாள், காதலன் வந்து அழுததும் எழுந்து அவனோடு கடைசியாக ஒருமுறை ஆடுவாள். துணி கிழிந்தால் தைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பேசுவதை எனக்குச் சொல்ல குயிலாப்பாளையத்துப் பெண் ரேவதி கூட இருந்தாள்.

பிணமாக நடிக்கிற பெண்ணைக் கட்டிலோடு மேடைக்குத் தூக்கிப்போக வேண்டும். கால் விலகி விலகிப் போகிறது, ஏதாவது செய் என்றார் குழுத் தலைவி. நான் யோசிக்கவே இல்லை. வெள்ளை ரிப்பனை எடுத்து இரண்டு ஷூ முனையையும் சேர்த்து, பெருவிரல் இருக்கிற இடத்தில் கட்டிவிட்டேன். உதறினால் அவிழ்கிற சுருக்கு முடிச்சுதான். கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. செத்தவர்களுக்கல்லவா நாம் அப்படிக் கட்டுவோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் என் தங்கை கனகாவுக்கும் இந்தக் கைதான் கட்டியது. அவள் ஒரு பையனை விரும்பினாள், அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது நான், மூன்றாம் நாள் அவள் உயிரோடு இல்லை. ஊர் கூடுவதற்குள் அவசர அவசரமாக எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள்.

ரிப்பனை அவிழ்க்கலாம் என்று குனிவதற்குள் கட்டிலைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

காதலன் அழுதான், இசை மாறியது, அவள் எழவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினான், தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இன்னாக்கா, மூச்சே காணோமே" என்றாள் ரேவதி.

செருப்போடு மேடைக்கு ஓடினேன். நம்பினால் நம்புங்கள், நான் போட்ட சுருக்கு அங்கே இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய மூன்று முடிச்சு இருந்தது. கணுக்கால் சில்லிட்டுக் கிடந்தது. இடுப்பில் இருந்த கத்தரியால் வெட்டினேன். வெட்டியதும் அவள் நெஞ்சு தூக்கி மூச்சு இழுத்தாள். திரையை மூடிவிட்டார்கள்.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ரேவதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி சொல்றா?"

"பக்கத்துல ஒரு பொண்ணு படுத்துக்கினு இருந்துச்சாங்க்கா. உன் கால் கட்ட அவுக்க வர்றவங்கள என்னுதையும் அவுக்கச் சொல்லுன்னு கேட்டுச்சாம்."

தீ வைக்கும் முன் சுடுகாட்டில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அது ஆம்பிளைகள் வேலை, பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை. மறுநாள் கிளியனூரில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கனகாவுக்குக் கால் கட்ட அவுத்தீங்களாப்பா?"

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இன்றுவரை என் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை.