ஓடாத டிஸ்க்

சித்தையனின் வலக்கையில் மிஞ்சியவை கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். மற்ற மூன்றையும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது. மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து பத்தொன்பது வருடம் அதே வரிசை மிஷின்களில் நின்றவர். முன்னால் கம்பிவலைத் தடுப்பு இல்லாமல் பிரஸ்ஸை ஓட்டக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

வேகமாக வேலை முடிய வேண்டும் என்று தடுப்பை அவரே கழற்றி வைத்துவிட்டார் என்றது நிர்வாகம். விசாரணையில் அதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னவன் முரளிதரன், மிஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். அதே மலைப் பக்கத்துப் பாலாற்றுக்காரன். ஒப்பந்ததாரரிடம் நடையாய் நடந்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் சித்தையன். சாட்சி சொல்லும்போது முரளி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை போயிற்று. நஞ்சுண்டசாமி என்ற வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார். பிரஸ் வரிசைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. அன்றைய பதிவைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், நிர்வாகம் அதை ஒரு டிவிடியில் எழுதிக் கொடுத்தது. வக்கீலின் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை. அவருடைய குமாஸ்தா ஜெராக்ஸ் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். நாங்கள் சரியாகத்தான் கொடுத்தோம், சில மாதம் ஆனால் பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும், இனி எங்களிடமும் இல்லை என்று நிர்வாகம் கையை விரித்தது.

சித்தையன் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவந்தார். கும்பாரகொப்பலில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில், மகள் சோனியா பி.காம். சேர்ந்தபோது வாங்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. அதன் டிஸ்க் டிரைவின் தட்டில் வைத்துத் தள்ளினால் விளக்கு மினுங்கும், உள்ளே கரகரவென்று சுற்றும், பிறகு டிஸ்க்கைப் போடுங்கள் என்று போட்ட பிறகும் கேட்கும். சோனியா மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். டிரைவின் லென்ஸைச் சுத்தம் செய்தாள். டிரைவைக் கழற்றி வேறு ஒயரில் மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

டிரைவே கெட்டுப்போயிருக்குமோ என்று பார்க்க, மாதேஸ்வரன் மலையில் அவளுக்கு முடியிறக்கியபோது எடுத்த டிவிடியைப் போட்டாள். அது உடனே ஓடியது. திரையில் சித்தையன் மொட்டைத்தலைக் குழந்தையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினார். சோனியா அவசரமாக அதை நிறுத்தினாள்.

"டிரைவ் நல்லாத்தான் இருக்குப்பா. இந்த டிஸ்க்குல என்னன்னு கொத்தில்ல," என்றாள். தெரியவில்லை என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வாயில் வந்தது.

மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. கோர்ட்டிலும் முரளி அதையே சொன்னான், அந்தச் சாட்சி ஒன்றுதான் வழக்கில் நின்றது. எல்லோரும் சொல்லிச் சொல்லி, தடுப்பை நிஜமாகவே நாம்தான் கழற்றினோமோ என்று சித்தையனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலைப்பொழுதை நினைத்துப் பார்த்தால் வலி வந்த இடத்திலிருந்துதான் ஞாபகம் இருந்தது. சமரசத்துக்கு நிர்வாகம் ஒரு வழி சொன்னது. தவறு தன்னுடையது என்று எழுதிக்கொடுத்தால், சாமான்கள் வைக்கும் ஸ்டோரில் வேலை தருவார்கள். வக்கீலும் அதுவே மேல் என்றார். சித்தையன் புதிதாகப் பழகிய இடக்கையால் கையெழுத்துப் போட்டார்.

அவர் டிஸ்க்கை மறந்துவிடப் பார்த்தார். சோனியா விடவில்லை. தேர்வு முடிந்ததும் தோழியிடமிருந்து வெளியே செருகும் டிரைவ் ஒன்றை வாங்கிவந்தாள். அதில் டிஸ்க் திறந்தது. எழுதியவர்கள் வேலையை முழுதாக முடித்து மூடாமல் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் பல கம்ப்யூட்டர்களுக்கு அது காலியாகத் தெரிகிறது என்று அவள் விளக்கினாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அதையும் எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. கேமராப் பதிவுப் பெட்டிகள் சில, தங்களுக்கென்று ஒரு தனி முறையில்தான் பதிந்து வைக்குமாம். எந்தக் கம்பெனிப் பெட்டி என்று தெரிந்தால் அதற்கான பிளேயரைத் தேடலாம் என்றாள்.

அது தெரிந்தது ஸ்டோரில்தான். தொழிற்சாலையில் கேமராக்களை மாற்றினார்கள். பழைய பதிவுப் பெட்டி கழிவுச் சாமானோடு சித்தையனின் பொறுப்புக்கு வந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த பெயரையும் எண்ணையும் ஒரு பழைய சலானின் பின்பக்கம் கோணல்மாணலாக எழுதிக்கொண்டார். குற்றத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிராவிட்டால் அந்தப் பெட்டியை அவர் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்.

அன்று மாலையே படம் ஓடியது. சத்தம் இல்லை, மூலையில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாற்பதுக்கு முரளி ஸ்பானரோடு வருகிறான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கையை ஆட்டுகிறார். முரளி தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறான். பத்து மணிக்குச் சித்தையன் வருகிறார். தடுப்பு இருந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்கிறார். சூப்பர்வைசர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சித்தையன் மறுபடியும் கேட்கிறார். பிறகு மிஷினுக்கு முன்னால் போய் நிற்கிறார்.

மேற்கொண்டு பார்க்க வேண்டாம் என்று சொல்லிச் சோனியாவை வெளியே அனுப்பினார். அவர் மனைவி பூவாத்தாள் எழுந்து வந்து மானிட்டரை அணைத்தாள்.

"கேட்டிருக்கறீங்க," என்றாள். "ரண்டு வாட்டி கேட்டிருக்கறீங்க."

ஞாயிற்றுக்கிழமை முரளியின் வீட்டுக்குப் போனார். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சித்தையன் உட்காரவில்லை. டிஸ்க் ஓடிவிட்டது என்றார். முரளி துடைத்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"நீ கழட்டுனதுல எனக்கு ஒண்ணுமில்ல முரளி. கழட்டச் சொன்னாங்க, கழட்டுன. நான் கழட்டுனேன்னு எதுக்குச் சொன்ன?"

முரளி நாற்காலியை மறுபடியும் துடைத்தான். "அந்த டிஸ்க் எங்கயும் ஓடாதுன்னு சொன்னாங்கண்ணா," என்றான் கடைசியில்.

"ஓடும்னு சொல்லியிருந்தா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சித்தையன் அதைத் தொடாமல் இறங்கி நடந்தார். இவனை நம்பியதற்காக வருந்துவதா, பத்து மணிக்கு மிஷினை விட்டு வெளியே நடக்காததற்காக வருந்துவதா என்று வழியெல்லாம் அவருக்குப் புரியவில்லை.

வக்கீல் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இது அன்றே ஓடியிருந்தால் கதையே வேறு என்றார். இனி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம், வருடங்கள் ஆகும், தொழிற்சாலைக்குள் இருந்துகொண்டு அதை நடத்த விடமாட்டார்கள். பூவாத்தாள் போடச் சொன்னாள். சித்தையன் சோனியாவின் கடைசி வருடப் படிப்பை நினைத்தார், நாற்பத்தெட்டு வயதில் வலக்கையில் இரண்டு விரலோடு வேறு எங்கே வேலை கேட்பது என்று நினைத்தார். மனுப் போடவில்லை. பூவாத்தாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மார்ச்சில் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் நடந்தது. பயிற்சிக்கு வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, சித்தையனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர், கன்னடத்தில் நாலு வரி எழுதிய தாளை அவர் கையில் கொடுத்திருந்தார். பெயர், பிரிவு, விபத்து நடந்த தேதி என்று மூன்று வரிகளைச் சித்தையன் படித்தார். தவறு என்னுடைய அஜாக்கிரதைதான் என்பது நாலாவது வரி. அதைப் படிக்காமல் தாளை மடித்தார்.

கூடம் காத்திருந்தது. ஆபீசர் எழுந்துவந்து மைக்கை வாங்கி, பாவம், பழைய ஞாபகத்தில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லி, நாலாவது வரியைத் தானே சொன்னார். பிறகு சித்தையனின் வலக்கையைப் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினார். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் பராமரிப்புப் பிரிவுக்காரர்களோடு உட்கார்ந்திருந்த முரளியும் தட்டினான்.

அடுத்த வருடப் பாதுகாப்பு வாரத்தில் மேடையேறுபவர் பட்டியலிலும் சித்தையனின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்.