எக்ஸ்ரேயில் விழாத வலி

இந்த மார்சேய் நகரத்தில் நான் ட்ராமில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். போன வாரம் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் தடி, அவளே தடுமாறி எழுந்து முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளையான என்னை உட்காரச் சொன்னாள். கூச்சத்தில் செத்துப் போனேன். எல்லாம் என் கழுத்தில் மாட்டியிருக்கும் பட்டை செய்யும் வேலை. மினேர்வ் என்று இதற்குப் பெயர். மோவாயிலிருந்து தோள் வரைக்கும் தோலும் கம்பளியும் வைத்துத் தைத்த வளையம். மாட்டிக்கொண்டால் யார் கூப்பிட்டாலும் நிக்காஹ் மாப்பிள்ளையைப் போல நேராகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதே வலியோடு, பட்டை இல்லாமல், ஒரு வாரம் இதே ட்ராமில் நின்றுகொண்டே போனேன். அப்போது ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பட்டையைப் பார்த்ததும் பெஞ்சு முழுக்க நகர்ந்து உட்காருகிறது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கழுத்து எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் நான் கப்பலேறினேன். இங்கே ஒரு பழ மண்டியில் வேலை. ஆரஞ்சுப் பெட்டிகளைக் காமியோனில், அதாவது நம் ஊர் லாரிக்குத் தம்பி போன்ற வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடை கடையாக இறக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிவப்பு விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தோம். பின்னாலிருந்து ஒரு கரி லாரி வந்து மோதியது. பெரிய மோதல் ஒன்றுமில்லை. இரண்டு பெட்டி ஆரஞ்சு தெருவில் உருண்டது, அவ்வளவுதான். என் தலை மட்டும் ஒரு தரம் பின்னால் போய் முன்னால் வந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தால், கரி லாரிக்காரர் வயசானவர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆரஞ்சுகளைப் பொறுக்குகிறார். நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? அவர் தோளைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, "ஒன்றுமில்லை ஐயா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நானே ஆறுதல் சொன்னேன். அதற்குள் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார். "அடிபட்டிருக்கிறதா?" என்று கேட்டார். நெஞ்சில் கை வைத்து, "ரியேன், முசியே, ரியேன்" என்றேன். ஒன்றுமே இல்லை ஐயா என்று அர்த்தம். அவர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நம் பக்கத்தில் ஒருவன் ஒன்றுமில்லை என்று சொன்னால் அது எதிரே நிற்பவன் மனசு நோகக் கூடாதென்பதற்காகச் சொல்வது. இங்கே அது சாட்சி வாக்குமூலம்! அது தெரியாத மடையன் நான்.

மறுநாள் காலையில் தலையைத் தலையணையிலிருந்து எடுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்தேன். கழுத்துப் பிடித்தால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி யார்? தலையணைதான். உடனே அதை எடுத்து வெயில் படும்படி ஜன்னல் கட்டையில் போட்டேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி மதாம் ரோஸ் மேலே பார்த்தாள். ஐந்தே நிமிஷத்தில் என் கதவைத் தட்டினாள்.

"மூட்டைப்பூச்சியா?"

"இல்லை மதாம், கழுத்து வலி."

"கழுத்து வலிக்கு எதற்குத் தலையணை வெயிலில் கிடக்கிறது?"

"அதனால்தான் வெயிலில் கிடக்கிறது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மாலையில் கதவடியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. மூட்டைப்பூச்சி பிடித்த படுக்கையை ஜன்னலில் போடக் கூடாது, மற்றக் குடித்தனங்களுக்கும் பரவும், உடனே மருந்தடிக்கவும் என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தாள். வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பென்று சீட்டை மற்றக் காகிதங்களோடு டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். நம் ஆட்கள் வெளிநாட்டில் ரசீதைக்கூட எறிய மாட்டோமே, அந்தப் பழக்கம்தான்.

ஆறாம் நாள் மேல்தட்டில் இருந்த பெட்டியை அண்ணாந்து பார்க்க முடியாமல் நின்றபோது, மேஸ்திரியே என்னை வைத்தியரிடம் அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருந்தது. முறிவில்லை, விரிசலில்லை. சரி, இனி என்னைப் பொய்யன் என்று அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வைத்தியர் அனுப்பவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். தலை என்பது ஒரு பெரிய பூசணிக்காயின் கனம், அதைத் தாங்குவது ஒரு மெல்லிய தண்டு. பின்னாலிருந்து வண்டி மோதும்போது இருக்கை உடம்பை முன்னால் தள்ளிவிடுகிறது. தலைக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அது பின்னாலேயே நிற்கிறது. பிறகு வெடுக்கென்று முன்னால் வருகிறது. அந்த ஒரு நொடியில் கழுத்துக்குள் இருக்கும் தசையும் நாரும் இழுபட்டுக் கிழிகின்றன. அது எக்ஸ்ரேயில் விழாது. அன்றைக்கு வலிக்காது. மறுநாளோ மூன்றாம் நாளோதான் வீங்கிப் பிடிக்கும். தலை சுற்றும், பிடரியிலிருந்து கண் வரைக்கும் வலி ஏறும், மாதக்கணக்கில் இருக்கும். இதற்கு இங்கே கூ த்யு லப்பேன் என்று பெயர். முயலைக் கொல்லும்போது பிடரியில் ஒரு அடி அடிப்பார்களே, அந்த அடி.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். யா அல்லாஹ்! கண்ணுக்குத் தெரியாத வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது எப்போது வரும், எங்கே ஏறும் என்று என் கழுத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரைப் போல ஒருவர் சொல்கிறார். அந்த ஆச்சரியத்தோடு கூடவே ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது. ஹமீது மச்சான்.

ஹமீது மச்சான் என் லாத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. ஜவுளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். கொடி இறங்குவதற்கு முன், கோட்டுச்சேரிக்கு வடக்கே எல்லையில் பேருந்தை நிறுத்திப் பெட்டி படுக்கைகளைச் சோதிப்பார்களே, அந்தச் சாவடியில் அவருடைய பேருந்து நின்றுகொண்டிருந்தபோது பின்னால் நெல் லாரி மோதியது. பேருந்தின் மூக்கு அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். விபத்து பிரெஞ்சு மண்ணில் நடந்ததா இந்திய மண்ணில் நடந்ததா என்று ஆளாளுக்குச் சண்டை. வெயிலில் குழந்தைகள் அழுகின்றன. மச்சான்தான் நடுவில் புகுந்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. எனக்கும் ஒண்ணும் ஆகலை. வண்டிய விடுங்க, பொம்பளைங்க காஞ்சு போறாங்க" என்று சமாதானம் செய்து வைத்தாராம். மறுநாள் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தலையணை வெயிலுக்குப் போனது, கழுத்தில் உலக்கையை உருட்டினார்கள், தைலம் தீர்ந்தது. வலி தீரவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்ற முடியாமல் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

காயமில்லை, கட்டில்லை, ரத்தமில்லை. எத்தனை நாளைக்கு நம்புவோம்? ஒரு விருந்தில் நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சானால் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்துப் பேச முடியாது. அதனால் உடம்போடு திரும்பித் திரும்பிப் பேசினார். எனக்குக் குறும்பு பொத்துக்கொண்டு வந்தது. "கழுத்து இவ்வளவு வலிக்கிதுன்னு சொல்றீங்க, சோறு மட்டும் எப்படி மச்சான் எறங்குது?" என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. மச்சானும் சிரித்தார். பிடித்திருந்த கவளத்தை அப்படியே சஹனில் வைத்துவிட்டு, "போதும் தம்பி, நீங்க சாப்புடுங்க" என்று கையலம்பப் போனார். நான் அவர் பங்கு கறியையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை.

இங்கே சட்டம் வேறு. வேலை நேரத்தில் அடிபட்டால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளமும் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் கொடுக்க வேண்டும். வைத்தியர் இந்தப் பட்டையை மாட்டிவிட்டுச் சான்று எழுதிக் கொடுத்தார், மேஸ்திரி படிவம் அனுப்பினார். அலுவலகம் தன்னுடைய வைத்தியரிடம் என்னைக் கூப்பிட்டது. கோட்டும் கண்ணாடியும் போட்ட பெரிய மனுஷர். பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பெயர் இதுதானா, இந்தியாவில் பிறந்தவரா, நான் பேசுவது புரிகிறதா? பெரியவர் முன்னால் விறைத்துக்கொண்டு உட்காரலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் நம் வழக்கப்படி தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மரியாதையாக ஆட்டினேன். உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கழுத்து எல்லாத் திசையிலும் தாராளமாக அசைகிறது, சம்பவ இடத்திலேயே காயமில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகையால் கோரிக்கை தள்ளுபடி. சுருக்கமாக, நான் நடிக்கிறேன்.

அழுதேன். சம்பளத்துக்காக மட்டுமில்லை. வலிக்கிறது என்று ஒருவன் சொல்லியும் எதிரே இருப்பவன் நம்பாவிட்டால் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேல்முறையீட்டில் இரு தரப்புக்கும் பொதுவாக மூன்றாவது வைத்தியர் ஒருவர் பார்ப்பார் என்றார்கள். என் அழுகையைக் கேட்டு விவரம் விசாரித்திருந்த மதாம் ரோஸும் கூட வந்தாள். "உன்னைத் தனியாக விட்டால் மறுபடியும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவாய்" என்றாள். அந்த வைத்தியர் நிதானமான மனுஷர். காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "விபத்தன்று ஒன்றுமில்லை என்கிறீர். ஆறாம் நாள் வைத்தியரிடம் போகிறீர். நடுவில் பெட்டி தூக்கும்போது வந்த வலியாக ஏன் இருக்கக் கூடாது?"

"மறுநாள் காலையிலேயே வலி வந்துவிட்டது, முசியே. அதனால்தான் தலையணையை வெயிலில் போட்டேன்."

"எதை?"

எங்கள் ஊரில் கழுத்து வலித்தால் தலையணையைக் காயவைப்பது வழக்கம் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மதாம் ரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "நான் பார்த்தேன்! மூட்டைப்பூச்சி என்று நினைத்து இவனுக்குச் சீட்டுகூட எழுதினேன்!" நான் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த காகிதக் கட்டைப் பிரித்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். மருந்தடிக்கச் சொல்லி அவள் கையால் எழுதியது, தேதி புதன்கிழமை. மதாம் ரோஸின் முகம் தக்காளியாகிவிட்டது. வைத்தியர் அதை இரண்டு தரம் படித்தார்.

"அப்படியானால் புதன்கிழமை காலையிலேயே உமக்கு வலித்திருக்கிறது. சரிதானே?"

நான் வழக்கம் போலத் தலையை ஆட்டினேன். ஆட்டியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன, ஆமா? இல்லையா?"

"ஆமா, முசியே. எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் ஆமா சொல்வோம். வலித்தாலும்."

"என் சகாவின் முன்னாலும் இப்படித்தான் சொன்னீரா?"

"எல்லாக் கேள்விக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கழுத்து தாராளமாக அசைகிறது என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் சின்ன எழுத்தில் நெடுநேரம் எழுதினார். நம் ஊர்த் தலையாட்டலும் வெயிலில் காய்ந்த ஒரு தலையணையும் பிரெஞ்சு சர்க்கார் காகிதத்தில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாதம் கோரிக்கை ஏற்கப்பட்டது.

இங்கே வந்திருக்கும், இனி வரப்போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடிபட்ட இடத்தில் நல்ல பிள்ளையாக நடக்காதீர்கள். ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள், இப்போதைக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள், வேலை கொடுப்பவருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எந்தச் சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள், வீட்டுக்காரி திட்டி எழுதியதாக இருந்தாலும். ஆமா என்றால் வாயால் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த அன்றே மச்சானுக்கு எழுதினேன். வைத்தியர் சொன்னதையெல்லாம், பூசணிக்காயும் தண்டும் முதற்கொண்டு, தமிழில் நாலு பக்கம். உங்களுக்கு வந்தது இதுதான் மச்சான், இதற்குப் பெயர் இருக்கிறது, நீங்கள் நடிக்கவில்லை, அன்றைக்கு சஹனில் நான் கேட்டதை மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன். நேற்றுப் பதில் வந்தது, லாத்தாவின் கையெழுத்தில். கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு வீட்டிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து நாலாவது தரம் படிக்கச் சொன்னாராம். கடைசியில் அவர் சொன்னதை லாத்தா அப்படியே எழுதியிருந்தாள்: "தம்பி, அத நெனச்சு மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை."

ஜன்னலோரத்தில் நின்று படித்தேன். என் கழுத்து வலப்பக்கம் சுலபமாகத் திரும்புகிறது. அங்கே மண்டியும் ட்ராம் பாதையும் இருக்கின்றன. கிழக்கே போகும் கப்பல்கள் நிற்கும் துறைமுகம் இடப்பக்கம். அதைப் பார்க்க வேண்டுமானால் இப்போதெல்லாம் மச்சானைப் போல உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பினேன். பட்டையைக் கழற்றித் தலையணை மேல் வைத்துவிட்டு, கடலைப் பார்த்து, தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஒரு தரம் ஆட்டினேன். வலித்தது.