அயற்சி அல்ல, அழற்சி

நிந்தவூரில் ஒரு நெல் ஆலையின் களத்தில், அவித்த நெல்லை முப்பத்தொரு வருடங்கள் காலால் கிளறிக் காயவைத்தவர் ஜுனைதா. வயது அறுபத்தாறு. நான் வீடுகளுக்குப் போய் நோயாளரைப் பராமரிக்கப் பயின்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனபோது, முழங்கால் இரண்டும் வீங்கி நான்கு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். அறுவடைக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று ஆலை முதலாளி ஜவாத் சொல்லி அனுப்பியிருந்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று மகள் நஸ்லினிடம் கேட்டேன்.

"உடம்புக்குள்ள அயற்சியாம் மாமி. வயசு போனா வாறதாம். அதான் ஒரு வேலையும் செய்ய விடுறல்ல. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா முட்டைக்கோப்பி, சூப்பு, சத்துமா எண்டு குடுக்கம்."

"கோழி வளக்காள்," என்றார் ஜுனைதா கட்டிலிலிருந்து. "இனி அறுக்கிறதுதான் மிச்சம்."

எனக்குச் சந்தேகம். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் சொன்னது அழற்சி, உள்ளே கனன்று வீங்குவது. நம் வாயிலும் காதிலும் ழகரம் படும் பாடு தெரிந்ததுதானே. நடக்க வேண்டும் என்றும் முதல் நாளே சொல்லியிருக்கிறார். கூடப் போன மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இல்லாத களைப்புக்கு வைத்தியம் பார்த்து ஒருத்தியின் காலைக் கெடுத்திருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்ததும் நஸ்லினை உட்காரவைத்துச் சொன்னேன். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தேய்ந்துபோன தன் பாகங்களைத் தானே உடைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டு புதியதைக் கட்டும். வயது ஏற ஏற அந்த வேலை மந்தமாகும். தேங்கிய குப்பையை எதிரி என்று எண்ணி உடம்பு சண்டை பிடிக்கும். ஆறாத வீக்கத்துக்கு அது ஒரு காரணம்.

ஜுனைதா குறுக்கிட்டார். "மில்லில உமியப் போட்டு எரிச்சித்தானே அடுத்த நெல்ல அவிக்கிற. அள்ளிப் போடாட்டி குவிஞ்சு, உள்ளுக்குள்ள கனண்டுக்கிட்டே கிடக்கும். வெளியில தெரியா. அதானே?"

"ஓம், அதேதான்."

இவரிடம்தான் இவருடைய நோயைப் பற்றி நான்கு மாதமாக யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"அப்ப நோன்பு புடிச்சா எல்லாம் எரிஞ்சிருமாம் எண்டு வீடியோவில..." என்று நஸ்லின் தொடங்கினாள்.

"சீனி வருத்தத்துக்கு மருந்துக் குளுசை போடுற உம்மாவப் பட்டினி போடப் போறியா? டொக்டரக் கேளாம ஒண்டும் செய்யாத. நேரத்துக்குச் சாப்பாடு, நடுவில ஒண்டும் வேணாம். உம்மாவ நடக்க விடு புள்ள."

தினமும் முற்றத்தில் நடந்து பழகி, மூன்றாம் கிழமை ஜுனைதா களத்துக்குப் போனார். வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. முழுதும் போகும் என்று நான் சொல்லவில்லை.

"இந்த வயசில என்னத்துக்கு ராத்தா? ஊட்ட கிடந்து ஓய்வெடுங்களன்," என்றார் ஜவாத்.

"ஓய்வெடுத்துத்தான் தம்பி கால் போன. எண்ட பக்கம் எது?"

அவர் பாதிக் களத்தைக் காட்டி, "பாதி ஆளுக்குப் பாதி," என்று சிரித்தார். ஜுனைதா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நெல்லுக்குள் இறங்கினார்.