லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்த வாக்கர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அசைகிற எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. நாள் முழுக்க ஊரார் உயிரைக் கம்பியில் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர், தம் வீட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறித்தான் போவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மச்சினன், அக்காவின் கைக்குழந்தை நடைபழக ஒரு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வட்டச் சட்டம், நடுவில் துணி இருக்கை, அடியில் சக்கரங்கள்.

"என் மருமகளுக்கு, மாமா! உக்கார வெச்சாப் போதும், ஓடுவா. சீக்கிரம் நடை வந்துரும்."

"ஓடுறது சரி. நிக்குமா?"

"ஏங்க, அது வாக்கர். உங்க லிஃப்ட் இல்ல," என்றாள் மனைவி. இடுப்பை விட்டு இறங்காத குழந்தையால் அவளுக்கு அடுப்பைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.

மெக்கானிக் அதைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு திருகாணியையும் ஆட்டிப் பார்த்தார். ஸ்பானர் பையை உட்காரவைத்து உருட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. வாசலுக்கு வெளியே மாடிப்படி. உருளுகிற சாமானுக்கு அது போதாதா?

வாக்கரை ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டினார். வாசலை எட்டாத நீளம்.

"பொண்ணா, கன்னுக்குட்டியா?" என்று சிரித்தாள் மனைவி.

அவர் இன்னொரு முடிச்சும் போட்டார். சக்கரத்தைச் சந்தேகித்தவர் தம் கயிற்றை முழுசாக நம்பி, மகளை வாக்கரில் உட்காரவைத்து, டீ போட்டு மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தரையில் விட்டால் அப்பாவின் கால் கட்டைவிரலோடு திருப்திப்பட்டவள், இப்போது மேஜை உயரம். ஓர் உந்து உந்தினாள். அறையின் மறுபக்கம் வந்துவிட்டாள். மேஜை விரிப்பை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் பாய்ந்து குறுக்கே நீட்டிய கையில் டீ மொத்தமும் கொட்டியது. கயிறு விறைக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட நர்ஸ், "பாப்பாவை வாக்கர்ல விட்டீங்களா? நல்லவேளை, நீங்க வந்தீங்க. இங்க இப்படி வழக்கமா குழந்தைங்கதான் வரும்," என்றாள்.

"நடை சீக்கிரம் வரும்னாங்களே?"

"எங்க வருது? நுனிக்காலால உந்தத்தான் கத்துக்கும். நடக்கிறது இன்னும் தள்ளித்தான் போகும். தரையில விடுங்க, உருண்டு தவழ்ந்து அதுவே எந்திரிக்கும்."

அவளையும் அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் வாக்கரின் சக்கரங்களைக் கழற்றிக் குப்பையில் போட்டார். பிறகு கட்டுப்போட்ட கையோடு தரையில் குப்புறப் படுத்து, கட்டிலடியை எட்டிப் பார்த்தார்.

"கீழ என்னங்க தேடுறீங்க? தரை எங்கயும் உருண்டு போயிடாது!"

"தரை போகாதுடி," என்றார் அவர். "இவ போவாளே."

மகள் அதற்குள் அவர் செருப்பை நோக்கித் தவழ ஆரம்பித்திருந்தாள்.