மார்டள்ளிக்கு எண்ணிக்கை இல்லை

ஜோதிமணியின் வேலை மற்றவர்களுடைய நோயை எழுதுவது. மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கேஸ் ஷீட் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கிய அறை ஒன்றில், புற்றுநோய்ப் பதிவேட்டுக்காகப் பதினான்கு வருஷமாக அவள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், வயது, உடம்பில் எந்த இடம், முதலில் கண்டுபிடித்த தேதி, வசிப்பிடம். ஒரு நாளைக்கு இருபது பேர் ஆகும். சில நாள் முப்பது.

மார்டள்ளிதான் அவள் பிறந்த ஊர். மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் தாண்டிப் போனால் பஸ்ஸில் நாலரை மணி நேரம். பக்கத்து மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையோரம். அங்கிருந்து மேட்டூர்தான் கிட்டம். பத்தொன்பது வயதில் உமேஷைக் கட்டிக்கொண்டு மைசூரில் மண்டி மொஹல்லாவுக்கு வந்தாள். அவர் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மகள் தீபாவுக்குத் தமிழ் புரியும், பதில் கன்னடத்தில்தான் வரும். ஊரில் ஜோதிமணிக்கு மிச்சமிருந்த சொந்தம் அக்கா மாதம்மா ஒருத்திதான். அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள்.

படிவத்தில் சிரமமான கேள்வி வசிப்பிடம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கியிருக்கும் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். மைசூர் விலாசம் சொன்னால் சீக்கிரம் கவனிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஜோதிமணி விடமாட்டாள். போன ஒரு வருஷமாக எந்த வீட்டில் படுத்துத் தூங்கினீர்கள் என்று கேட்பாள். அப்போது உண்மை வந்துவிடும். பதிவேட்டின் எல்லை மைசூர் மாவட்டம். அதற்கு வெளியே இருப்பவர்களின் படிவங்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும். அவை கணக்கில் சேராது.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. படிவத்தில் உடம்பில் எந்த இடம் என்பதைப் பார்த்தாலே ஊரைச் சொல்லிவிடுவாள். நகரத்துப் பெண்கள் என்றால் மார்பகம். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கட்டு தடித்தது, வயதும் குறைந்துகொண்டே வந்தது. கர்ப்பப்பை வாய்க் கட்டு மெலிந்துகொண்டு வந்தது. கிழக்கே மலையோரத்திலிருந்து வருகிறவர்கள் என்றால் வாய். ஆணுக்கு வாய் என்றால் அவள் ஆச்சரியப்பட மாட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் வாய்தான் வந்தது.

அந்த ஜூலை மாதத்தில், மார்டள்ளியிலிருந்து நாலு மாதத்துக்குள் மூன்றாவது பெண் வந்தாள். ஜோதிமணி சின்ன வயதில் அவள் வீட்டுக் களத்தில் விளையாடியிருக்கிறாள். தாடையில் கட்டுப் போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. பெயரை எழுதும்போதுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் சாப்பிடாமல் அட்டைப்பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துப் படிவங்களில் மார்டள்ளியும் அதைச் சுற்றிய ஊர்களும் மட்டும் பதினொன்று இருந்தன. அதில் ஏழு பெண்கள். ஏழும் வாய்.

படிவங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் கேசவமூர்த்தியிடம் போனாள். பதிவேட்டுக்குப் பொறுப்பு அவர்தான். மேல்கோட்டைக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற நிதானமான மனிதர். அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். நோய் அதிகமுள்ள இடங்கள் கருஞ்சிவப்பு, குறைந்த இடங்கள் இளஞ்சிவப்பு. ஹனூர்ப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பாருங்க ஜோதிமணி, அந்த வெள்ளைக்கு அங்கே நோய் இல்லேன்னு அர்த்தம் இல்லை. நாம பாக்கலேன்னு அர்த்தம்," என்றார். அங்கிருப்பவர்களில் சிலர் சேலத்துக்குப் போகிறார்கள், சிலர் பெங்களூருக்கு, பலர் எங்கேயும் போவதில்லை. எந்த ஊர் ஏட்டிலும் அவர்கள் முழுசாக வரமாட்டார்கள் என்று விளக்கினார். பதினொன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. அதற்கு ஆள் இல்லை, உத்தரவும் இல்லை.

உத்தரவு இல்லாமலேயே ஜோதிமணி போனாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து, மாலை கடைசி பஸ்ஸில் திரும்புவாள். முதல் ஞாயிறு ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. பெண் கேட்டு வரும் இடத்தில் இந்தச் சேதி பரவினால் என்ன ஆகும் என்று பயந்தார்கள். இன்னொரு வீட்டில், செத்தவள் பேரை எதற்கு எழுதுகிறாய் என்று ஒரு ஆள் கோபப்பட்டு வாசலை விட்டு இறங்கச் சொன்னான்.

மாதம்மாதான் வழி செய்தாள். ஐம்பத்திரண்டு வயது. மக்காச்சோளக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் உழைத்து முறுகிப்போன உடம்பு. வலது கன்னத்தில் எப்போதும் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை அடக்கியிருப்பாள். அந்த ஊரில் களை எடுக்கப் போகிற பெண்கள் எல்லோருமே அப்படித்தான். பசி தெரியாது என்பார்கள். தங்கையைக் கையைப் பிடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப் போனாள். கேள்வியையும் அவளே கேட்டாள். புண் எந்தப் பக்கம் வந்தது, எத்தனை மாசம் இருந்தது, எரிச்சல் இருந்ததா, வாய் எப்போது திறக்க முடியாமல் போனது, எந்த ஆஸ்பத்திரி, அறுத்தார்களா, அப்புறம் எத்தனை நாள் இருந்தாள். ஜோதிமணி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். அக்கா இவ்வளவு பக்குவமாகக் கேட்கிறாளே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு ஞாயிறுகளில் இருபத்துமூன்று பெயர்கள் சேர்ந்தன.

ஏழாவது ஞாயிறு மழை. வெளியே போக முடியவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா புருஷன் ஜடையனுக்கும் ஜோதிமணிக்கும் காரமாகக் குழம்பு ஊற்றிய மாதம்மா, தனக்கு மட்டும் சோற்றில் மோர் விட்டுக் கூழாகப் பிசைந்தாள். இடது பக்கமாகவே மென்றாள். வலது கன்னத்தில் அன்று வெற்றிலை இல்லை. ஆனாலும் அது வீங்கித்தான் இருந்தது.

ஜோதிமணி சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, வாயைத் திறக்கச் சொன்னாள். மாதம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி சொன்னாள். ஜடையன் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். கடைசியில் மாதம்மா திறந்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையும் சிவப்புமாகத் தடித்து, நடுவில் குழிந்திருந்தது.

"எத்தன மாசமா, அக்கா?"

"தை மாசத்துல இருந்து." எட்டு மாதம். மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறாள்.

"இத்தன வாரமா என்ற கூடவே நடந்தியே. ஒரு வார்த்த சொல்லலியே."

மாதம்மா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "ஒவ்வொரு ஊட்டுலயும் கேட்டுட்டுதான வந்தேன், மணி. பொழச்சவ ஒருத்தியாச்சும் இருக்காளான்னு பாத்துட்டே வந்தேன். இல்லியே."

ஜோதிமணி ஓடியாடிச் சேர்த்த பெயர்களெல்லாம் செத்தவர்களுடையது. பிழைத்தவர்கள் நோய் வந்ததையே வெளியே சொல்லவில்லை. அக்காவுக்கு நம்பிக்கை கொடுக்க அவள் கையில் இருந்ததெல்லாம் மைசூர்ப் படிவங்கள்தான். சீக்கிரம் வந்து காட்டி, பத்து வருஷமாக நடமாடுகிற பெண்களை அவளுக்குத் தெரியும். பேர் பேராகச் சொன்னாள். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், ஒருத்தி பேங்கில் வேலை.

மாதம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அது உங்க ஊரு நோவு, கண்ணு. இது எங்க ஊருது."

அன்று அவளைக் கையோடு கூட்டி வர முடியவில்லை. சோளம் அறுக்க வேண்டும், அப்புறம் வருகிறேன் என்றாள். ஜோதிமணி அழுதாள், சண்டை போட்டாள், ஜடையன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பயந்து போயிருந்தார். கத்தி பட்டால் சீக்கிரம் போய்விடுவாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐந்து வாரம் ஓடியது. மாதம்மா மைசூருக்கு வந்து இறங்கியபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்த உடனேயே ஜோதிமணிக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது கட்டம். எழுதி எழுதிப் பழகிய கண்.

பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் ஜோதிமணிக்குத் தெரிந்தவள். உதவி செய்வதாக நினைத்து, உங்கள் மண்டி மொஹல்லா விலாசத்தையே போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். அப்படிப் போட்டால் அக்காவும் எண்ணிக்கையில் வருவாள். பெட்டிக்குள் போக மாட்டாள். அடுத்த அறிக்கையில், ஐம்பதிலிருந்து ஐம்பத்துநாலு வயதுக் கட்டத்தில், ஒரு எண்ணாகவாவது இருப்பாள். ஆனால் நகரத்துக்கு ஒன்று கூடும். மார்டள்ளி இன்னும் கொஞ்சம் வெள்ளையாகும். மார்டள்ளி என்றே எழுதச் சொன்னாள். பிறகு பின்கட்டு அறையில் உட்கார்ந்து அக்காவின் படிவத்தைத் தானே நிரப்பினாள். மடித்துப் பெட்டியில் போட்டாள்.

வலது பக்கத் தாடையில் பாதியை எடுத்தார்கள். தொடைச் சதையை வெட்டிக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு முப்பத்துமூன்று தடவை ரேடியேஷன். மாதம்மா மண்டி மொஹல்லா வீட்டின் முன்னறையில் மூக்குக் குழாயோடு படுத்திருந்தாள். சந்தில் போகும் ஆட்டோக்களின் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் விழித்துக்கொள்வாள். பேச்சு குழறியது. ஜோதிமணிக்கே பாதி புரியவில்லை. தீபாவுக்குத்தான் எப்படியோ புரிந்தது. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கன்னடத்தில் அம்மாவுக்குச் சொல்வாள். ஒரு நாள் தீபா சொல்லத் தயங்கினாள். ஜோதிமணி வற்புறுத்திக் கேட்டாள். அந்த இருபத்துமூன்று பெயர்களை எழுதிய நோட்டில் தன் பேரை எழுதியாயிற்றா என்று பெரியம்மா கேட்கிறாள் என்றாள் தீபா.

ஜோதிமணி எழுதவில்லை என்றாள். அது உண்மைதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன மாதம்மா அங்கேயே தங்கிவிட்டாள். மாசியில் கழுத்தில் மறுபடி வந்தது. ஒரு நாள் மைசூருக்குக் கூட்டி வந்து காட்டியபோது டாக்டர்கள் இனி அறுக்க முடியாது என்றார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அது மைசூரில் மட்டும் கிடைத்ததால் ஜோதிமணி வாரா வாரம் கொண்டு போனாள். பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட வேண்டும். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆன நிலையில், மாதம்மா இறந்தாள். அந்த வாரம் ஜோதிமணிக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமைதான் போவதாக இருந்தாள். அந்த இரண்டு நாளைப் பற்றி ஜடையனிடம் அவள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நோட்டை டாக்டர் கேசவமூர்த்தியிடம் கொடுத்தாள். அக்காவையும் சேர்த்து இருபத்துநான்கு பெயர்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். இதில் எத்தனை பேருக்கு பயாப்சி ரிப்போர்ட் இருக்கிறது என்று கேட்டார். பதிமூன்று பேருக்கு.

"இது ஒரு எண்ணிக்கைதான், ஜோதிமணி. இதை விகிதம்னு, லட்சத்துக்கு இத்தனை பேர்னு, நான் எழுத முடியாது," என்றார். "ஆனா சும்மா விடவும் முடியாது."

அவர் விடவில்லை. ஐந்து கடிதம் எழுதினார். எல்லையை அந்தத் தாலுகாவுக்கும் விரிக்க வேண்டும் என்று கேட்ட கடிதத்துக்கு, அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒரு அறக்கட்டளை மட்டும் ஒரு நாளைக்கு வாய்ப் பரிசோதனை முகாம் நடத்த ஒப்புக்கொண்டது. மார்டள்ளிப் பள்ளிக்கூடத்தில் நூற்றுநாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பாதிக்கு மேல் ஆண்கள். ஒன்பது பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்கள். மைசூருக்கு வந்தது நாலு பேர். அதில் ஒரு பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. சின்ன அறுவையோடு போயிற்று. இப்போதும் அவள் களை எடுக்கப் போகிறாள், புகையிலையை விட்டுவிட்டாள். ஆனால் எங்கே போய் வந்தாள் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பல் பிடுங்கினேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் வருவார்களே என்று ஜோதிமணி மன்றாடினாள். வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வராத ஐந்து பேரைத் தேடித்தான் ஜோதிமணி இப்போது போய்க்கொண்டிருக்கிறாள். மூன்று பேர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் செத்துப்போனார். ஐந்தாவது சரசு, ஊர்க் கடைசியில் தனியாக இருக்கிறவள். போன மாதம் கதவைப் பாதி திறந்து, அடுத்த ஞாயிறு கட்டாயம் உங்களோடு வருகிறேன் என்றாள். அவள் சொன்னபோதே வாய் சரியாகத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஜோதிமணி இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொண்டு போனாள். வீடு பூட்டியிருந்தது. மேட்டூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், விலாசம் தெரியாது, போன் நம்பரும் இல்லை என்றார்கள் பக்கத்து வீட்டில். ஜோதிமணி பூட்டிய கதவின் முன்னால் நின்றபடியே புது நோட்டை எடுத்து, சரசு, வயது சுமார் ஐம்பது என்று எழுதினாள். வசிப்பிடம் என்ற இடத்தில் எந்த ஊரைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.