மில்லை நிறுத்தி அடித்த டீவீடி

மூன்று பெண் பிள்ளைகளுக்கும் மூன்று கல்வீடு கட்டிக் கொடுத்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்முனைச் சந்தையில் மூடை சுமந்தேன், பழைய மெசின் ஒன்று வாங்கினேன், பிறகு வீட்டோடு சேர்த்து நெல் மில் போட்டேன். கடல் வந்து சுவரைக் கொண்டுபோன பிறகும் மறுபடி எழுப்பினேன். யாருடைய கையையும் பிடித்து ஏறவில்லை.

இது நடந்தது இளைய மகளின் கலியாணம் முடிந்த அடுத்த மாதம், அறுவடைக் காலம். கைத்தொலைபேசியில் படம் அனுப்பும் வசதியெல்லாம் எங்களுக்கு வராத நேரம்.

கட்டாரில் இருந்த என் ஒரே மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கைக்குக் கட்டிய வீட்டில் அவன் உழைப்பு பாதி. கலியாணத்தை மட்டும் அவன் காணவில்லை. கலியாணப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து டீவீடியில் பதிந்து அடிக்கலாம் என்றால், பெண்கள் பக்கம் எடுத்த படத்தை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது என்று மனைவி ஒரே பிடி. அதனால் நடு மகள் வெறும் டீவீடி மூன்று வாங்கி வந்து, வீட்டுக் கொம்பியூட்டரில் முதன்முதலாக அடிக்க உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரர் அன்று பின்னேரம் அசர் தொழுததும் கட்டாருக்குப் புறப்படுகிறார். அவரை விட்டால் அடுத்து யார், எப்போது போவார் என்று தெரியாது.

முதல் டீவீடி பாதி ஓடும்போது திரை இருண்டது. கொம்பியூட்டர் மறுபடி உயிர் பெற்றது, டீவீடி வீண். இரண்டாவதும் அப்படியே.

"இனி ஒண்டுதான் இரிக்கி வாப்பா." மகள் மூன்றாவதை எடுத்துக் காட்டினாள்.

"பெட்டிக்கு யாரோ சூனியம் செஞ்சிட்டாங்க" என்றாள் மனைவி. எதிர்வீட்டு வாசலில் வேனும் வந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் மில்லில் மெசின் கிளம்பியது. அறையிலிருந்த பல்ப் சட்டென்று மங்கி, மறுபடி தெளிந்தது. மற்ற யாருக்கும் அது படவில்லை. எனக்குப் பட்டது. கரண்டைத் தின்றது என் மெசின்தான்!

"மூன்றாவதைப் போடு புள்ள" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அறுவடை நேரத்தில் மில்லை நிறுத்திய பழக்கம் எனக்கில்லை. அன்று மில்லின் மெயின் சுவிட்சை மட்டும் இழுத்துவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். நெல் கொண்டுவந்தவர்கள் கூடிவிட்டார்கள். முன்னால் வந்தவர் சவளக்கடை ஊர்ப் பெரியவர். அவருடைய மூடைகள் இன்னும் உழவு இயந்திரப் பெட்டியிலேயே கிடந்தன.

"என்ன காக்கா, மெசினும் தொழப் போயிட்டோ?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. மகள்ட கலியாண வேலை."

"கலியாணம் போன மாசமே முடிஞ்சிட்டே! நானும் வந்து புரியாணி திண்டனே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாதி வாப்பா!" என்று மகள் ஜன்னலால் கத்தினாள்.

முதல் துளி விழுந்தது. "நெல் நனைஞ்சா நீங்களா பொறுப்பு? போடுங்க சுவிட்சை!" என்று பெரியவர் கையை நீட்டினார். நான் நகரவில்லை. மகனுக்கு அனுப்பும் படம் உள்ளே ஓடுகிறது, இது கடைசி டீவீடி என்று சொன்னேன்.

அவர் கை நின்றது. "முந்தி எனக்கு மூடை ஏத்தித் தருவானே, அந்தப் பொடியனுக்கோ?"

"ஓம்."

திரும்பிப் போனார். பெட்டியில் கிடந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்துத் தன் மூடைகளை மூடினார். "மற்ற ஆக்களும் மூடுங்கடா, என்னத்தப் பார்க்கிறயள்!" என்று அதட்டினார். மழை கொட்டியது. நான் சுவிட்சிலேயே நின்றேன். பள்ளியில் அசர் பாங்கு கேட்டது, தொழுகையும் முடிந்திருக்கும். மகளின் சத்தம் மட்டும் வரவில்லை.

வேன் ஸ்டார்ட் ஆகும் ஓசையோடுதான் "முடிஞ்சி!" என்றாள். டீவீடியை உடுத்திருந்த சாரத்துக்குள் பொத்திக்கொண்டு மழையில் ஓடி, நகரும் வேனின் முதுகில் ஓங்கி அறைந்தேன். நின்றது.

அடுத்த வாரம் மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். "கலியாணத்துல நானே நிண்ட மாதிரி இருந்திச்சி வாப்பா. நடுத் தங்கச்சி வடிவா அடிச்சிரிக்கா!" என்றான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மெசினை ஓட்டித்தான் நான் மனிதனானேன். என் பிள்ளைக்காக அதை நிறுத்தி நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்றைக்கும் நெஞ்சில் பெரிதாக நிற்கிறது. படங்கு இழுத்தவருக்குப் பங்கு உண்டு, மகளுக்கும் உண்டு. ஆனால் மகன் பிறகு லீவில் வந்தபோது கொண்டுவந்த அந்த டீவீடியின் உறையில், அடித்தவள் என்று மகளின் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே என் பெயரையும் எழுத வேண்டும். இடம் தாராளமாக இருக்கிறது.