ஐந்து மணித் தண்ணீர்

டெல்லியில் எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அந்த ஒரு மணி நேரம் என் பொறுப்பு. பக்கெட், டிரம், குக்கர் வரை எல்லாவற்றிலும் பிடித்து வைப்பேன். என் கணவர் மத்திய அரசு ஊழியர். அத்தனை சத்தத்திலும் அசையாமல் தூங்குவதில் நிபுணர்.

வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு எங்கள் மகள் சென்னையில் கடலைப் பார்த்த ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் அறை போட்டுக் கொடுத்தாள். போனில் அப்பாவுக்கு ஒரே ஒரு கண்டிஷன்: "அம்மா எட்டு மணி வரைக்கும் தூங்கணும்ப்பா. அது உங்க டியூட்டி." எனக்கும் கடலைவிட அந்தத் தூக்கத்தின் மேல்தான் ஆசை.

அங்கே போன அன்று ராத்திரி ஏழு மணிக்கே சாப்பிடப் போனோம். பழக்க தோஷத்தில் இவர், "பையா, பானி" என்று இந்தியில் தண்ணீர் கேட்டார். நல்லவேளை, பரிமாறியவர் பீகார்க்காரர், உடனே கொண்டுவந்தார். நெத்திலி வறுவலும் நண்டு மசாலாவும் பிரமாதம். தட்டு கழுவ வேண்டாம் என்பதே பாதி ருசி. அப்படியும் தட்டுகளை அடுக்கப் போனேன்; இவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அறைக்கு வந்து குளியலறையைப் பார்த்தால் ஒரு பக்கெட்கூட இல்லை, பெரிய தொட்டி மட்டும். காலையில் எதில் பிடித்து வைப்பது என்று அறையெல்லாம் தேடினேன்.

"இங்க நாள் பூரா தண்ணி வரும். பேசாம படு," என்றார்.

ஐந்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் விழிப்பு வந்துவிட்டது. என் மேலேயே எரிச்சல். எழுந்திருக்கக் கூடாது என்று கிடந்தேன், மனசு கேட்கவில்லை. காலைக் கீழே வைத்தபோதுதான் பக்கத்தில் அவர் இல்லை என்று தெரிந்தது. குளியலறையில் பனியனோடு விளிம்பில் உட்கார்ந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பாத்தா தெரியல? புடிச்சு வைக்கலேன்னா நீ தூங்க மாட்டே. தண்ணி புடிச்சாச்சு, போய்ப் படு."

இத்தனை வருஷத்தில் 'தண்ணி புடிச்சாச்சு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போய்ப் படுத்தவள் ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன். சூரியோதயம் போயிற்று. அவர் போனில் எடுத்த படத்தில் பாதி திரைச்சீலை. காலை இட்லியும் சாப்பாட்டுக் கூடத்தை மூடுகிற நேரத்தில்தான் கிடைத்தது. எதற்கும் வருத்தமில்லை.

டெல்லி திரும்பிய மறுநாள் ஐந்து மணிக்குக் குழாய் புஸ்ஸென்றது. பக்கத்தில் வழக்கமான குறட்டை. நான் எழவில்லை, முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

"தண்ணி வந்தாச்சுங்க. உங்களுக்குத்தான் புடிக்கத் தெரியுமே."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து பக்கெட் நகரும் சத்தம் கேட்டது.